ரங்கூன் விழுந்தது, விருதுநகர் மாறியது



கடந்த மாதம் ஆலங்குளத்தில் எங்கள் வீட்டுக்கூட்டத்தில் எரேமியாவின் நாட்களைப் படித்துக்கொண்டிருந்தோம். பாபிலோன் சேனை எருசலேமைப் பிடித்தது. கெதலியா என்பவனை அதிகாரியாக வைத்தது. அவனும் சொந்த ஜனத்தான் ஒருவன் கையாலேயே வெட்டுப்பட்டான். மீதியானவர்கள் எகிப்துக்கு ஓடினார்கள். இதை வாசித்து முடித்ததும், பட்டாசு ஆலையில் வேலை செய்கிற ஒரு வாலிபத் தம்பி எழும்பிக் கேட்டான்.

"ஐயா, பட்டாளம் வந்து ஊரைப் புடிச்சதோட சண்டை முடிஞ்சிரணும்ல? அதுக்கப்புறந்தான கொலையும் ஓட்டமும் ஜாஸ்தியாகுது. அது ஏன்?"

நல்ல கேள்வி. அன்று இரவு நான் பாதி பதில்தான் சொன்னேன். மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். அதுவே இந்தப் பாடம். இதற்கு உதாரணம் தேடி நாம் பாபிலோனுக்குப் போக வேண்டியதில்லை. நம்முடைய ஜனங்களே ஒரு சேனை நடந்த வழியில் அகப்பட்டார்கள். என் தாத்தா அதில் ஒருவர்.

ரங்கூன் போன இரண்டு பேர்

நம் பகுதி அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லா. இன்றைக்கு நமக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் சிமெண்ட் ஆலையும் இருக்கிறது. நானும் அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான். ஆனால் தாத்தா வாலிபனாயிருந்த காலத்தில் மழை பொய்த்தால் பிழைப்பு இல்லை. வானம் பார்த்த பூமி. கரிசல் காட்டை விட்டு ஜனங்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கப்பல் ஏறினார்கள். தாத்தாவும் அவர் தம்பியும் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் மூட்டை சுமந்தார்கள்.

அந்தக் காலத்து ரங்கூன் எப்படிப்பட்ட ஊர் என்று நினைக்கிறீர்கள்? 1931 கணக்கெடுப்பின்படி நகரத்தின் ஜனத்தொகையில் பாதிக்குமேல் இந்தியர்கள். துறைமுகக் கூலி, ரிக்‌ஷா, மில், கடை, ஆபீஸ் எங்கும் நம்மவர்கள். செட்டிநாட்டார் கொடுத்த கடனில்தான் கீழ்ப் பர்மாவின் நெல் விளைந்தது. 1930-இல் விலைவாசி விழுந்து பர்மிய விவசாயிகள் கடன் கட்ட முடியாமல் போகவே, நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் பேரில் இருந்தது. பர்மியருடைய மனக்கசப்பு அப்பொழுதே வெளியே தெரிந்தது. 1930-இலும் 1938-இலும் ரங்கூனில் இந்தியர்களுக்கு விரோதமாகக் கலவரம் நடந்தது. ஆனாலும் வெள்ளைக்கார சர்க்காரின் துப்பாக்கி இருக்கிறது, நமக்கு என்ன என்று இருந்துவிட்டோம்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சேனை வருவதற்கு முன்பே விறகு அடுக்கியாயிற்று. சேனை நெருப்புக் குச்சியை மட்டும் கிழித்துப் போட்டது.

1. சேனை முதலாவது பிடிப்பது நிலத்தை அல்ல, மதிப்பை

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பான் சேனை மலாயாவின் கோத்தபாரு கடற்கரையில் இறங்கியது. இரண்டே நாளில் பிரிட்டிஷாரின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின. சைக்கிளில் வந்த ஜப்பான் சிப்பாய்கள் ரப்பர் தோட்டத்துப் பாதைகளில் புகுந்து வந்தார்கள். ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல், பிடிக்கவே முடியாத கோட்டை என்று பேர் வாங்கிய சிங்கப்பூர் சரணடைந்தது. எழுபது நாள்தான் ஆயிற்று!

இந்த எழுபது நாட்களில் மிகவும் பெரிய காரியம் எது என்று கேட்டால், நான் பினாங்கைச் சொல்லுவேன். 1941 டிசம்பர் 11 முதல் பினாங்கின் மேல் குண்டு விழுந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஓர் இரவில் ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் படகேறிப் போய்விட்டார்கள். சீனரும் மலாயரும் தமிழரும் காலையில் எழுந்து பார்த்தால், ஆளுகிறவன் இல்லை! கோட்டையில் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கொடியை இறக்கினவர் யார் தெரியுமா? இலங்கைத் தமிழரான எம். சரவணமுத்து. அவர் அங்கே ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர். வெள்ளைக்கொடி ஏற்றி, இனிக் குண்டு போட வேண்டாம், இங்கே பட்டாளம் இல்லை என்று ரேடியோவில் தெரிவித்து, ஊரில் கொள்ளையும் பசியும் பரவாதபடி ஒரு கமிட்டி அமைத்து நடத்தினார். டிசம்பர் 19-இல்தான் ஜப்பானியர் ஊருக்குள் வந்தார்கள்.

வெள்ளைக்காரனைப் பார்த்தால் வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்ற ஜனம் அது. அவன் ராத்திரியில் தன் ஜனத்தை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடினதைப் பார்த்துவிட்டது. அதற்கப்புறம் அவன் எத்தனை பட்டாளத்தோடு திரும்பி வந்தாலும் பழைய பயம் வரவில்லை. இழந்த நிலத்தை மறுபடியும் பிடிக்கலாம். போன மதிப்பைப் பிடிக்க முடியாது. ஒரு தேசத்தின் அரசியல் மாறுவதற்கு இதுதான் முதல் வாசல்.

2. காலியான நாற்காலிக்கு எல்லாரும் ஓடுவார்கள்

சிங்கப்பூர் விழுந்து இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17-ஆம் தேதி, ஃபாரர் பார்க் மைதானத்தில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கூட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டுப் போனார். அங்கேதான் கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டார். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்து தலைமை ஏற்றபோது, ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டின தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பெண்களும் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். அதுவரை தோட்டத்துக் கங்காணிக்கு முன்னால் வாய் திறக்காத ஜனம் அது.

அதே சமயம் அதே ஜப்பானியர் தமிழ்க் கூலிகளைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் காட்டிலேயே மாண்டார்கள். விடுதலை என்று வந்தவன் சவுக்கோடும் வந்தான். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லுகிறவன் பாதிச் சரித்திரம் சொல்லுகிறான்.

மலாயாவின் மற்ற ஜனங்களுக்கு என்ன ஆயிற்று? சீனரை ஜப்பானியர் கூட்டம் கூட்டமாய்க் கொன்றார்கள். தப்பினவர்கள் காட்டுக்குள் போய், கம்யூனிஸ்டுகள் தலைமையில் கெரில்லாப் படையானார்கள். மலாய் அதிகாரிகளையும் போலீசையும் ஜப்பானியர் தங்கள் நிர்வாகத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆக ஒரே சேனை மூன்று ஜனத்தை மூன்று விதமாய் நடத்தியது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்து, செப்டம்பரில் பிரிட்டிஷார் வந்து சேர்வதற்கு இடைப்பட்ட நாட்களில் கெரில்லாக்கள் ஊர்களைக் கைப்பற்றிப் பழி தீர்த்தார்கள். மலாயரும் சீனரும் வெட்டிக்கொண்டார்கள்.

பின்பு என்ன நடந்தது பாருங்கள். 1946 மே மாதம் மலாயருக்கு அம்னோ கட்சி. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியருக்கு மலாயா இந்தியன் காங்கிரஸ். அதைத் தொடங்கிய ஜான் திவி நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர். 1949-இல் சீனருக்கு ஒரு கட்சி. இந்த மூன்றும் கூடித்தான் 1957 ஆகஸ்ட் 31-இல் விடுதலை பெற்ற மலாயாவை ஆண்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோ 1948 முதல் மறுபடியும் துப்பாக்கி எடுத்தார்கள். கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தமிழ் வாலிபர்கள் தொண்டர் படை என்று கூடி, கள்ளுக்கடையை மூடு என்று நின்றார்கள். அரசு அதையும் தடை செய்தது. எழுபது நாள் நடந்த சேனையின் சுவடு எவ்வளவு தூரம் போகிறது, கவனித்தீர்களா?

3. பாதுகாப்பு இரவல் வாங்கினது என்றால், அது போகும்போது நாமும் போவோம்

இப்பொழுது ரங்கூனுக்கு வருவோம். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி பகலில் விமானங்கள் வந்தன. ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. ஆகாயத்தில் சண்டை நடக்கிறது என்று தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நின்றவர்கள் மேல்தான் குண்டு விழுந்தது. "கை தட்டிக்கிட்டு நின்னவன் கையே இல்லாமக் கெடந்தான்" என்று தாத்தா சொல்லுவார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

தாத்தா நடந்தே ஊருக்கு வருவது என்று தீர்மானித்தார். தம்பிக்கோ அங்கேயே குடும்பம் ஆகிவிட்டது. கைக்குழந்தை வேறு. "நீ போண்ணே, ரெண்டு மாசத்துல எல்லாம் அடங்கிரும்" என்றாராம். தாத்தா அவரை விட்டுவிட்டு வந்தார். புரோம் வரை போய், அங்கிருந்து மலையேறி, டாங்கூப் கணவாய் வழியாக அரக்கான் கடற்கரைக்கு வந்து, படகிலே அக்யாப், அங்கிருந்து சிட்டகாங், பிறகு ரயில். சிவகாசி ஸ்டேஷனில் இறங்கும்போது உடம்பில் ஒரு கோணிச்சாக்குதான் இருந்ததாம்.

இப்படி நடந்து வந்த இந்தியர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். அந்த மரணப் பாதையிலும் வெள்ளைக்காரருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று வைத்திருந்தார்கள் என்ற கோபம் இந்தியாவெங்கும் பரவியது.

1942 மார்ச் 8-இல் ஜப்பானியர் ரங்கூனுக்குள் வந்தார்கள். அவர்களோடு ஆங் சானும், அவரோடு ஜப்பானியரிடம் பயிற்சி பெற்ற வாலிபர்களும் திரட்டின பர்மா விடுதலைப் படையும் வந்தது. 1943 ஆகஸ்ட் 1-இல் ஜப்பான் பர்மாவுக்குப் பேரளவில் சுதந்திரம் கொடுத்தது. பா மாவ் தலைவர், ஆங் சான் ராணுவ மந்திரி. பேரளவில்தான், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பர்மியர்கள்! 1945 மார்ச் 27-இல் அதே ஆங் சான் ஜப்பானுக்கு விரோதமாகத் திரும்பினார். பிரிட்டிஷார் மே மாதத்தில் ரங்கூனுக்குத் திரும்பி வந்தபோது, அவரிடம் பேசாமல் அந்த நாட்டை ஆள முடியவில்லை. 1947 ஜூலை 19-இல் அவரும் மந்திரிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் 1948 ஜனவரி 4-இல் பர்மா விடுதலை அடைந்தது.

துப்பாக்கி பிடித்து அரசியலுக்கு வந்த படை பிறகு அரசியலை விட்டுப் போகவேயில்லை. ஆங் சானோடு பயிற்சி பெற்ற நே வின் 1962-இல் ஆட்சியைப் பிடித்தார். கடைகளையும் பாங்குகளையும் தேசவுடைமை ஆக்கினார். 1964 முதல் இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். செட்டியார்களின் நிலம் அதற்கு முன்பே சட்டத்தினால் போயிற்று. சென்னையில் பர்மா பஜார் என்று ஏன் பேர் வந்தது என்று இப்பொழுது உங்களுக்குப் புரியும்.

தாத்தாவின் தம்பி 1965-இல் கப்பலில் வந்து இறங்கினார். இரண்டு மாதம் என்றது இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று. ஒரு தகரப் பெட்டி, பர்மா லுங்கி, தமிழ் சரியாகப் பேசத் தெரியாத பிள்ளைகள். எனக்கு அப்போது பத்து வயது. அவர் லுங்கி கட்டின விதத்தையும் பேச்சையும் பார்த்து நாங்கள் பிள்ளைகள் கூடிச் சிரித்தோம். தாத்தா என்னை அடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள். "நான் அவனை விட்டுட்டு வந்துட்டேன்" என்று தாத்தா பாட்டியிடம் சொன்னதை நான் ஒரு தரம் கேட்டிருக்கிறேன்.

பிரியமானவர்களே, அவர்கள் இருவர் மேலும் என்ன குற்றம்? நாம் ஒரு தேசத்தில் பிழைக்கும்போது, அந்த ஜனத்தின் அன்பில் அல்ல, ஆளுகிறவனின் துப்பாக்கி நிழலில் பிழைத்தோம். நிழல் போனவுடன் வெயிலில் நின்றோம்.

4. சேனை வராத ஊரிலும் சேனை வேலை செய்யும்

இதுதான் நம் ஊர்க் கதை. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பின் மேல் குண்டு. 6-ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ஆம் தேதி திருகோணமலை. சென்னையில் ஒரு ஜப்பானியன்கூட இறங்கவில்லை. ஆனால், வருகிறான் என்ற செய்தி போதும்! ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். அலுவலகங்கள் வெளியூர்களுக்குப் போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சென்னை மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

இப்பொழுது அரசியலைக் கவனியுங்கள். ரங்கூன் விழுந்து மூன்றாம் நாள், மார்ச் 11-இல், கிரிப்ஸ் என்ற மந்திரியை இந்தியாவுக்குப் பேச்சுவார்த்தைக்கு அனுப்புவதாக லண்டனில் சர்ச்சில் அறிவித்தார். அதுவரை அசையாத லண்டன் அசைந்தது. ஆனால் ஏப்ரலில் பேச்சு முறிந்தது. அடுத்து என்ன செய்வது என்பதில் நம் தலைவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

ராஜாஜி சொன்னார்: எதிரி வாசலில் நிற்கிறான், முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டாவது ஒரு தேசிய அரசை அமைத்து நாட்டைக் காக்க வேண்டும். ஏப்ரல் 23-இல் சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியை அவ்விதமே தீர்மானம் போடச் செய்தார். அலகாபாத்தில் கூடின அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதைத் தள்ளிவிட்டது. ராஜாஜி காரியக் கமிட்டியை விட்டார். ஜூலையில் காங்கிரஸையே விட்டார்.

காந்தியடிகளோ அதே செய்தியிலிருந்து வேறு முடிவுக்கு வந்தார். வெள்ளைக்காரன் இங்கே இருப்பதுதான் ஜப்பானை வரவழைக்கிறது, அவன் போகட்டும் என்றார். மலாயா, சிங்கப்பூர், பர்மாவில் நடந்தது இந்தியாவிலும் நடக்கக்கூடாது என்ற கவலை, ஜூலை 14-இல் வார்தாவில் போட்ட தீர்மானத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகஸ்ட் 8-இல் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் வந்தது.

பம்பாய்க் கூட்டத்துக்குப் போயிருந்த ஒருவர் நம் விருதுநகர்க்காரர். காமராஜர் 1940 முதல் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர். திரும்பி வரும் ரயிலில் அவரைப் பிடிக்கப் போலீஸ் காத்திருந்தது. அவர் அரக்கோணத்திலேயே இறங்கிப் போலீஸ் கண்ணில் படாமல் நழுவினார். வேலூர், தஞ்சை, திருச்சி, மதுரை என்று ஊர் ஊராகப் போய், செய்ய வேண்டியதைத் தொண்டர்களுக்குச் சொல்லி முடித்தார். பிறகு விருதுநகருக்கு வந்து, என் வேலை முடிந்தது, இனி என்னைக் கைது செய்யலாம் என்று போலீசுக்கே தகவல் சொல்லி அனுப்பினார். 1945 வரை சிறை.

இதில் என்ன மாறியது என்கிறீர்களா? 1937-இல் முதல் மந்திரியாயிருந்த ராஜாஜி மூன்று வருஷம் கட்சிக்கு வெளியே இருந்தார். காமராஜரும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சிறைக்குள் இருந்தார்கள். 1945-இல் ராஜாஜி திரும்பி வந்தபோது, "நாங்க ஜெயில்ல கெடந்தோம், இவரு எங்க இருந்தாரு?" என்று தொண்டர்கள் கேட்டார்கள். 1946-இல் காந்தியடிகளே ராஜாஜிக்குப் பரிந்து எழுதியும் கட்சி அவரை ஏற்கவில்லை. பிரகாசம் முதல் மந்திரி ஆனார். 1949-இல் நம் பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் குமாரசாமி ராஜா. 1952-இல் ராஜாஜி வந்தார். ஆனால் 1954 ஏப்ரலில் காமராஜர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. சுயமரியாதை இயக்கம் உண்டு, குலக்கல்வி எதிர்ப்பு உண்டு, அவருடைய சொந்த உழைப்பு உண்டு. ஆனாலும் அந்தப் பிளவை ஆழமாக வெட்டினது 1942. ஜப்பான் சிப்பாய் பார்த்தேயிராத விருதுநகரில், அவன் நடந்த நடையினால் அரசியல் மாறியது.

இலங்கையிலும் இப்படியே. மலாயா ரப்பர் கைவிட்டுப் போனதும் இலங்கை ரப்பர் பிரிட்டிஷாருக்கு உயிரானது. யுத்தத்தில் ஒத்துழைத்த டி.எஸ். சேனநாயக்க பேரம் பேசத்தக்கவர் ஆனார். 1943-இல் சுயாட்சி வாக்குறுதி, 1948 பிப்ரவரி 4-இல் விடுதலை. அதே 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தில் அந்த ரப்பரைப் பால் வெட்டின, தேயிலையைக் கிள்ளின நம் ஜனம் நாடற்றவர் ஆனது. பெரிய பேரத்தில் சிறியவர்களின் பெயர் எழுதப்படுவதில்லை.

5. இடைப்பட்ட நாட்கள்

இப்பொழுது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். பட்டாளம் பிடித்தபின் ஏன் கொலை ஜாஸ்தியாகிறது?

பழைய அதிகாரம் போய்விட்டது. புதிய அதிகாரம் இன்னும் வேர் பிடிக்கவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில்தான் பழைய கடன், பழைய பகை, பழைய அவமானம் எல்லாம் தெருவுக்கு வருகிறது. கெதலியா வெட்டுப்பட்டது அப்படிப்பட்ட நாட்களில்தான். 1942-இல் தாத்தா நடந்த அரக்கானில் பௌத்தரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டி, ஊர் ஊராகப் பிரிந்துபோனார்கள். ஐராவதி முகத்துவாரத்தில் பர்மியருக்கும் கரேன் ஜனத்துக்கும் அப்படியே. அந்தக் காயம் ஆறவில்லை. 2017-இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா ஜனம் வங்காளதேசத்துக்கு ஓடினதில் அந்த 1942-க்கும் பங்கு உண்டு.

ஆனால் இடைப்பட்ட நாட்களில் வேறு விதமாய் நடந்தவர்களும் உண்டு. பினாங்கில் சரவணமுத்துவைப் பார்த்தோம். 1945 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியரும் நேதாஜியும் ரங்கூனை விட்டுப் போனபோது, சில ஆயிரம் இந்திய தேசிய ராணுவ வீரர்களோடு அங்கே நிறுத்தப்பட்டவர் லோகநாதன் என்ற தமிழர். தோற்றுப்போன சேனை அது. இனி வரப்போவது சிறைதான் என்று தெரியும். ஆனாலும் பிரிட்டிஷார் வரும்வரை அவர்கள் தெருக்களைக் காவல் காத்தார்கள். 1942-இல் நடந்தது போன்ற சூறையாட்டம் அந்த முறை இந்தியர்கள் மேல் வரவில்லை. தாத்தாவின் தம்பியும் அவர் பிள்ளைகளும் அந்த நாட்களில் பிழைத்தார்கள். இதை அவர் கடைசிக் காலத்தில்தான் எனக்குச் சொன்னார்.

6. நமக்கு என்ன?

2024 டிசம்பரில் என் தங்கை மகன் போனைக் கொண்டுவந்து காட்டினான். மியான்மரில் அரக்கான் படை டாங்கூப்பைப் பிடித்துவிட்டதாம். "மாமா, செம அடி!" என்றான். கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுகிறதுபோலச் சொன்னான். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் கோணிச்சாக்கு கட்டி வந்த மனிதர்தான் கண்ணுக்கு முன் வந்தார். நானும் அவன் வயதில் அப்படித்தான் சிரித்தேன் என்று அவனிடம் சொன்னேன்.

ஆகையால் யுத்தச் செய்தி கேட்கும்போது மூன்று காரியத்தை நினைவில் வையுங்கள்.

ஒன்று, எவ்வளவு நிலம் பிடித்தான் என்று மட்டும் பார்க்காதீர்கள். யாருடைய மதிப்பு உடைந்தது, யார் கையில் புதிதாகத் துப்பாக்கி வந்தது என்று பாருங்கள். அடுத்த ஐம்பது வருஷத்து அரசியல் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு, வருகிறவனை மீட்பன் என்றோ பிசாசு என்றோ அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். மலாயாத் தமிழனுக்கு ஒரே சேனை துப்பாக்கியும் கொடுத்தது, கல்லறையும் கொடுத்தது.

மூன்று, அயலானோடு சமாதானம் பண்ண வேண்டிய காலம் சேனை வருவதற்கு முன்னே. வந்தபின் நேரம் இராது. நம் ஊரிலும் வடநாட்டுப் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். முகாம்களில் இலங்கை அகதிக் குடும்பங்கள் வருஷக்கணக்காக இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பார்த்து நம் பிள்ளைகள் சிரித்தால், என் தாத்தா செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். இந்தக் கதையைச் சொல்லுங்கள், போதும்.

தாத்தாவும் தம்பியும் ஒரே வருஷத்தில் கண் மூடினார்கள். திண்ணை இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கூட்டத்தில் பேச:

1. உங்கள் குடும்பத்தில் ரங்கூன், மலாயா, கொழும்பு போனவர்கள் உண்டா? அவர்கள் திரும்பின வருஷம் எது? அந்த வருஷம் அங்கே என்ன நடந்தது?

2. 1942-இல் ராஜாஜியும் காந்தியடிகளும் ஒரே செய்தியிலிருந்து எதிரெதிரான முடிவுக்கு வந்தார்கள். நீங்கள் அன்று இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள்? ஏன்?

3. கெதலியா, சரவணமுத்து, லோகநாதன்: இடைப்பட்ட நாட்களில் பொறுப்பில் நின்ற இந்த மூவருக்கும் பொதுவானது என்ன?

4. ஊரில் ஒரு கலவரம் வந்தால் முதல் நாள் நாம் யார் வீட்டுக் கதவைத் தட்டுவோம்? அவர்களோடு இன்று நமக்குப் பேச்சுவார்த்தை இருக்கிறதா?